கேரவன் கூரையில் துருவும் ஒழுகலும்: டெல்டாவில் வண்டி வைத்திருக்கும் புதியவர்களுக்கு

டிரெய்லர் என்றதும் நம் பக்கத்தில் டிராக்டருக்குப் பின்னால் நெல் மூட்டை ஏற்றிப் போகும் வண்டிதான் நினைவுக்கு வரும். இங்கே பேசப்போவது காருக்கோ ஜீப்புக்கோ பின்னால் மாட்டி இழுத்துப் போகிற, உள்ளே கட்டிலும் அடுப்பும் வைத்த கேரவன். கும்பகோணத்தைச் சுற்றியுள்ள நவக்கிரகக் கோயில்களுக்குக் குடும்பத்தோடு போக, வேளாங்கண்ணியில் இரண்டு இரவு தங்க என்று சிலர் பழைய வண்டிகளை வாங்குகிறார்கள். வேனைப் பிரித்து வீடாக்கியவர்களும், பெட்டி மாதிரி பாடி கட்டி பிரியாணி விற்பவர்களும்கூட இதைப் படிக்கலாம். கூரை எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: இரும்புச் சதுரக் குழாயில் சட்டம், அதன்மேல் அலுமினியத் தகடோ ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) தகடோ, நடுவில் தெர்மோகோல் அல்லது கிளாஸ் வூல், கீழே பிளைவுட் சீலிங்.

யூடியூபில் தேடினால் அமெரிக்கக் காணொளிகளாகக் கொட்டும். அங்கே நிறைய வண்டிகளுக்கு மேலே ரப்பர் விரிப்புக் கூரை. அதற்குச் சொல்லும் பசையும் சுத்தம் செய்யும் முறையும் நம் தகடுக்கு அப்படியே பொருந்தாது. அந்தக் காணொளிகளில் ஒழுகலைக் கண்டுபிடிக்கும் விதத்தை மட்டும் கற்றுக்கொண்டு, மருந்தை இங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். என் வண்டியைப் புரட்டாசியில் வாங்கினேன். ஐப்பசியில் முதல் பெருமழைக்குக் கட்டிலுக்கு நேர் மேலே சொட்டியது. மழை விட்ட ஒரு மணி நேரத்தில் ஏணி வைத்து ஏறி, சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் எம்-சீல் பிசைந்து அப்பினேன். அது போதாதென்று அடுத்த வாரம் தார் காய்ச்சி ஊற்றினேன். சொட்டு நின்றது. எனக்கு ஒரே பெருமை. தை மாதம் சீலிங் நடுவில் தொந்தி போட்டது. ஒரு பலகையைக் கழற்றினால் பிளைவுட் ஊறிய அவல் மாதிரி கையோடு வந்தது, கூடவே ஒரு வாளித் தண்ணீர். பக்கத்தில் லாரி பாடி வேலை செய்யும் டிங்கர் அண்ணன் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, நீங்க ஓட்டையை அடைக்கல. தண்ணிய உள்ள வெச்சு அடைச்சிருக்கீங்க.”

இந்த வேலையில் முக்கால்வாசி கண்டுபிடிப்பதும் காயவைப்பதும்தான். பூசுவது கால்வாசி. புதியவர்கள் எல்லோரும் தலைகீழாகச் செய்கிறோம்.

எந்த மாதத்தில் கை வைப்பது

டெல்டாவுக்கு வருடத்து மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் வருகிறது. மழை நின்றாலும் மார்கழி, தைப் பனி விடாது. விடிகாலையில் தகடு மேல் கை வைத்தால் குளித்த மாதிரி இருக்கும். அதனால் மாசிக் கடைசியில் பிரித்து, பங்குனி வெயிலில் காயவைத்து, சித்திரையில் பூசி முடிப்பதுதான் சரியான கணக்கு. மே 4 வாக்கில் தொடங்கும் கத்திரி வெயில் காயவைக்க ரொம்ப நல்லது, பூசத்தான் கொஞ்சம் சிரமம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

சரி, மழைக்காலத்தின் நடுவில் ஒழுக ஆரம்பித்தால்? அப்போது செய்வது தற்காலிக வேலை மட்டும். வண்டியை நெல் களத்துக் கொட்டகையிலோ யாராவது ரைஸ் மில் சாய்ப்பிலோ நிறுத்த முடிந்தால் நிறுத்துங்கள். முடியாதென்றால் நான்கு மூங்கில் நட்டு, தார்பாயைக் கூரைக்கு ஒரு அடி மேலே கட்டுங்கள். கூரையோடு ஒட்டிக் கட்டக் கூடாது. ஒட்டிக் கட்டினால் காற்றில் உரசிப் பெயிண்டைச் சுரண்டும், அடியில் ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். சீலிங் தொந்தி போட்டிருந்தால் அதன் தாழ்வான இடத்தில் ஒரு சின்னத் துளை போட்டு, வாளியை வைத்துத் தண்ணீரை இறக்கிவிடுங்கள். துளை போட்டுக் கெடுக்கிறோமே என்று தயங்க வேண்டாம். அந்தப் பலகை எப்படியும் போகப்போவதுதான். விட்டுவைத்தால் ஒரு பலகையோடு நிற்காமல் மூன்று பலகையை இழுத்துக்கொண்டு போகும்.

முதலில் உள்ளே பாருங்கள்

மேலே ஏறும் ஆசையைக் கொஞ்சம் அடக்குங்கள். விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைச் சீலிங்கோடு சாய்வாகப் பிடித்து அடித்துப் பாருங்கள். நேராக அடித்தால் தெரியாத மேடு பள்ளமெல்லாம் நிழல் விட்டுக் காட்டும். டீத்தண்ணீர் கொட்டிக் காய்ந்த மாதிரி பழுப்பு வளையம் இருந்தால், அது பழைய கசிவு. ஒன்றுக்குள் ஒன்றாகப் பல வளையம் இருந்தால், பல மழைகளைப் பார்த்த கசிவு.

அடுத்து விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல பலகை டக் டக் என்று பேசும். ஊறியது மொத் என்று ஊமையாகும். அந்த இடத்தில் கோணூசியை, அதாவது நெல் மூட்டை தைக்கிற ஊசியைக் குத்திப் பாருங்கள். நல்ல பிளைவுட்டில் நுனிதான் இறங்கும். அழுகியதில் இட்லியில் குத்துகிற மாதிரி போய்க்கொண்டே இருக்கும். எவ்வளவு தூரத்துக்கு இறங்குகிறதோ அதைச் சுற்றி பென்சிலால் கோடு போடுங்கள். வெட்டி எடுக்க வேண்டிய எல்லை அதுதான். இன்னும் நாலு விரற்கடை தள்ளிக் கோடு போட்டால் பின்னால் வருத்தப்பட மாட்டீர்கள்.

மூக்கையும் பயன்படுத்துங்கள். ஒரு வாரம் பூட்டிவைத்த வண்டியைத் திறந்ததும் நனைந்த கோணிச் சாக்கு வாசனை வந்தால், கண்ணுக்கு எதுவும் தெரியாவிட்டாலும் உள்ளே ஈரம் இருக்கிறது.

மேலே ஏறும்போது

பேட்டரி ஒயரையும், வெளியிலிருந்து கரண்ட் எடுத்திருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள். வண்டிக்கு மேலே மின்கம்பி தாழ்வாகப் போகிறதா என்று அண்ணாந்து பாருங்கள். கிராமத்துத் தெருக்களில் இது சாதாரணமாக நடக்கிற விபத்து. கூரைத் தகட்டின் நடுவில் கால் வைக்கக் கூடாது. உள்ளே குழாய்ச் சட்டம் குறுக்கே போகும் இடங்களுக்கு மேல் ஒரு நீளப் பலகையைப் போட்டு, அதன்மேல் மண்டியிட்டு வேலை செய்யுங்கள். தகட்டில் நீங்கள் உண்டாக்கும் ஒவ்வொரு குழியும் அடுத்த மழையில் ஒரு குட்டிக் குளம். நாலடிக்கு மூன்றடிக் குழியில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் நின்றாலே 11 லிட்டர், அதாவது 11 கிலோ. அந்தப் பாரம் குழியை இன்னும் ஆழமாக்கும், ஆழமானால் இன்னும் தண்ணீர் நிற்கும்.

முதல் வேலை கழுவுவது. இங்கே ஒரு விஷயம். வேதாரண்யம், நாகப்பட்டினம், தரங்கம்பாடி மாதிரி கடலோரத்தில் பல இடங்களில் போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவினால் உப்பைக் கழுவப்போய் உப்பைப் பூசிவிட்டு வருகிறோம். காய்ந்ததும் வெள்ளையாகப் படிகிற தண்ணீர் வேண்டாம். குடிதண்ணீரிலோ வாய்க்கால் தண்ணீரிலோ கொஞ்சம் ஷாம்பு கலந்து, துணியால் தேய்த்துக் கழுவுங்கள். தென்னை மட்டைத் தூள், புளிய இலை, காக்கா எச்சம், வைக்கோல் தூசு எல்லாம் மூலைகளில் சேர்ந்து ஈரப் பஞ்சு மாதிரி உட்கார்ந்திருக்கும். துரு ஆரம்பிப்பது பெரும்பாலும் அந்தப் பஞ்சுக்கு அடியில்தான்.

கழுவிய பிறகு கையில் சாக்பீஸ் எடுத்துக்கொள்ளுங்கள். தகட்டின் நடுப்பகுதி அநேகமாக ஒழுகாது. ஒழுகுவது துளை போட்ட இடங்கள்தான்: ஓரத்துப் பட்டை, இரண்டு தகடு சேரும் இணைப்பு, ஏசி உட்கார்ந்திருக்கும் சதுர வாய், காற்றுப் போக்கி, மேல் விளக்கு, லக்கேஜ் கேரியர் போல்ட்டு, பழைய ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு அடைக்காமல் விட்ட துளை. ஒவ்வொரு ஸ்க்ரூ தலையையும் விரலால் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் வட்டம் போடுங்கள். பழைய சீலண்ட் வெடித்திருந்தாலோ, நகத்தால் நெம்பினால் தூக்கிக்கொண்டு வந்தாலோ கோடு போடுங்கள். என் வண்டியில் முதல் தடவை 31 வட்டம் வந்தது.

தண்ணீர் எங்கே ஏறுகிறது

சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நினைப்பதுதான் எல்லோரும் செய்வது. உள்ளே இறங்கிய தண்ணீர் குழாய்ச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு போய், எங்கே தாழ்வோ எங்கே ஸ்க்ரூ துளையோ அங்கே கீழே விழும். எனக்குக் கட்டிலுக்கு மேல் சொட்டிய தண்ணீர் ஏறியது ஆறடி தள்ளி, பின்பக்க மேல் விளக்கின் ஒயர் துளையில். நான் எம்-சீல் அப்பிய ஒரு இடத்திலும் ஓட்டை இல்லை.

இதற்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் டார்ச்சோடு உள்ளே, ஒருவர் ஹோஸோடு வெளியே. சீலிங்கில் சந்தேகப் பலகைகளைக் கழற்றிவிட்டால் இன்னும் நல்லது. தண்ணீரை மழை மாதிரி மெதுவாக விடுங்கள். சர்வீஸ் ஸ்டேஷன் பிரஷர் பம்பு இதற்கு ஆகாது, அது நல்ல இணைப்பையும் பிளந்துவிடும். கீழிருந்து மேலே போக வேண்டும்: முதலில் பக்கச் சுவர் இணைப்பு, பிறகு ஓரத்துப் பட்டை, பிறகு கூரையில் ஒவ்வொரு துளையாக. ஒரு இடத்துக்குப் பத்து நிமிடம். மேலிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இடத்திலும் ஓடி, எது உள்ளே விட்டது என்று பிரிக்க முடியாது. உள்ளே இருப்பவர் முதல் ஈரத்தைப் பார்த்ததும் குரல் கொடுக்க வேண்டும். சாக்பீஸ் வட்டத்துக்குள் ஒரு பெருக்கல் குறி. அத்தோடு நிறுத்திவிடாதீர்கள், ஓட்டை ஒன்றோடு நிற்பது அபூர்வம்.

சாதா மழைக்கு ஒழுகாமல் புயல் மழைக்கு மட்டும் ஒழுகுகிறது என்றால், கூரையை விட்டுவிட்டுப் பக்கவாட்டைப் பாருங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா வேதாரண்யம் பக்கம் கரை ஏறியபோது நம்மூர் ஆட்கள் பார்த்திருப்பார்கள், மழை மேலிருந்து விழாமல் படுக்கையாக வந்தது. அப்படி வரும் தண்ணீர் காற்றுப் போக்கி மூடிக்கு அடியிலும் ஜன்னல் சட்டத்தின் மேல் விளிம்பிலும் மேல்நோக்கியே ஏறும். அந்த இடங்களுக்கு ஹோஸைப் பக்கவாட்டில் பிடித்துச் சோதிக்க வேண்டும்.

ஒழுகலா, வியர்வையா

இதில் ஏமாந்தவர்கள் நிறைய. மார்கழியில், மழையே இல்லாத நாளில், காலையில் சீலிங்கில் வரிசையாக முத்து முத்தாகத் தண்ணீர். கூரை ஒழுகுகிறது என்று மேலே ஏறிச் சீலண்டாக அடிப்பார்கள். உண்மையில் அது வண்டியின் வியர்வை. நாலு பேர் ஜன்னலை மூடிக்கொண்டு தூங்கி, காலையில் கேஸ் அடுப்பில் வெந்நீரும் போட்டால், மூச்சிலும் ஆவியிலும் இருக்கும் ஈரம் குளிர்ந்த உலோகத்தைத் தேடிப்போய் உட்காரும். ஸ்க்ரூ வெளித் தகட்டோடு தொட்டுக்கொண்டிருப்பதால் அதன் தலை சீக்கிரம் குளிரும். அதனால்தான் சொட்டுகள் ஸ்க்ரூ வரிசையில் சீராக நிற்கின்றன. ஒழுகலுக்கு அப்படி ஒழுங்கு கிடையாது, அது ஒரு பக்கமாகத்தான் இருக்கும்.

சோதிப்பது சுலபம். எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, மழையில்லாத இரவில் யாரும் உள்ளே படுக்காமல் வண்டியைப் பூட்டுங்கள். காலையில் காய்ந்திருந்தால் கூரையைக் குறை சொல்ல வேண்டாம். காற்றுப் போக்கியை ஒரு விரல் அளவு திறந்துவைத்துத் தூங்குங்கள். தெர்மோகோல் விட்டுப்போன இடங்களை நிரப்புங்கள். கூரையில் ஏசி இருந்தால் அதன் தண்ணீர் வெளியேறும் குழாய் அடைபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். ஏசி ஓடும்போது மட்டும் சொட்டினால் முதல் சந்தேகம் அதுதான்.

காயவைப்பது

பொறுமை தேவைப்படும் இடம் இது. நனைந்த கிளாஸ் வூலைக் காயவைத்துத் திரும்பப் போடலாம் என்று நினைக்க வேண்டாம், மூட்டை கட்டி எறியுங்கள். கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை கட்டாயம். பூஞ்சைத் தூசு ஒரு பக்கம், கண்ணாடி நார் ஒரு பக்கம். தெர்மோகோல் தண்ணீரை அவ்வளவாகக் குடிக்காது, ஆனால் தகட்டுக்கும் அதற்கும் நடுவில் தண்ணீர் படலமாக நிற்கும். கழற்றி வெயிலில் காட்டுங்கள்.

கோடு போட்ட பலகைகளை வெட்டி எடுத்துவிட்டு, கதவு ஜன்னல் எல்லாம் திறந்துபோட்டு, ஒரு டேபிள் ஃபேனை உள்ளே ஓடவிடுங்கள். சாயங்காலம் ஐந்து ஐந்தரைக்குள் மூடிவிட வேண்டும், இல்லையென்றால் பகலில் போன ஈரம் இரவுப் பனியில் திரும்பி வரும். கேஸ் டார்ச்சைக் காட்டிச் சூடாக்குவது வேண்டாம். மேல்தோல் காய்ந்து உள்ளே ஈரம் மாட்டிக்கொள்ளும், தெர்மோகோல் இருந்தால் தீப்பிடிக்கும்.

எத்தனை நாள்? பங்குனி வெயிலில் எனக்குப் பன்னிரண்டு நாள் ஆனது. நாள் கணக்கைவிட எடைக் கணக்கு நம்பகமானது. அதே சீலிங்கிலிருந்து வெட்டிய, ஈரமான ஆனால் அழுகாத பிளைவுட் துண்டு ஒன்றைக் குறுக்குச் சட்டத்தில் கட்டித் தொங்கவிடுங்கள். தினமும் ஒரே நேரத்தில் சமையலறைத் தராசில் நிறுத்து எழுதுங்கள். என் துண்டு முதல் நாள் 412 கிராம், எட்டாம் நாள் 338, பத்தாம் நாள் 331, பதினொன்றாம் நாளும் பன்னிரண்டாம் நாளும் 330. எடை இறங்குவது நின்றால் காய்ந்தது. வீட்டில் இதைப் பார்த்துச் சிரித்தார்கள், சிரிக்கட்டும்.

சதுரக் குழாய்களை மறந்துவிடாதீர்கள். வெளியே காய்ந்திருந்தாலும் குழாய்க்குள் தண்ணீர் நிற்கும். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் ஓசை மாறும். தாழ்ந்த முனையில் ஒரு 5 மி.மீ. துளை போடுங்கள். என் வண்டியில் துருத் தண்ணீர் கருப்பட்டிப் பாகு மாதிரி வந்தது. அந்தத் துளையை அடைக்காமலே விட்டுவிடுங்கள்.

துருவை அடையாளம் கண்டு எடுப்பது

எல்லாத் துருவும் ஒன்றல்ல. இரும்பில் செம்பழுப்பாக வரும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அதனால்தான் பெயிண்ட் கொப்புளம் போடுகிறது. கொப்புளம் பத்து பைசா அளவு இருந்தால் அடியில் துரு ஒரு ரூபாய் அளவு இருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஜிஐ தகட்டில் முதலில் வெள்ளைப் பொடி வரும். துத்தநாகப் பூச்சு கரைகிறது என்று அர்த்தம், இரும்பு இன்னும் பிழைத்திருக்கிறது. அலுமினியத்தில் பெயிண்டுக்கு அடியில் புழு ஊர்ந்த தடம் மாதிரி நெளிந்து நெளிந்து போகும். கடலோரத்தில் நிறுத்தும் வண்டிகளில் இது அதிகம்.

அலுமினியத் தகட்டில் சாதா இரும்பு ஸ்க்ரூ போட்டிருந்தால் கவனியுங்கள். இரண்டு வேறு உலோகம், நடுவில் உப்புத் தண்ணீர் என்றால் ஒரு சின்ன பேட்டரியே உருவாகிறது. அதில் கரைவது அலுமினியம். ஸ்க்ரூவைச் சுற்றித் துளை பெரிதாகிக்கொண்டே போய், ஒரு நாள் ஸ்க்ரூ சும்மா கையோடு வரும். ஏசியின் செம்புக் குழாயிலிருந்து சொட்டும் தண்ணீர் ஜிஐ மேலோ அலுமினியத்தின் மேலோ விழுந்தாலும் இதே கதைதான். அந்தத் தண்ணீரை ஒரு ரப்பர் குழாய் வைத்துத் தரைக்கு இறக்கிவிடுங்கள்.

எடுக்கும் விதம்: இரும்பில் கம்பி பிரஷ், பிறகு 80 நம்பர் உப்புத்தாள், பிறகு 120. உலோகம் வெள்ளி மாதிரி தெரியும் வரை. குழிகளில் ஒட்டியிருக்கும் கருப்புத் துருவுக்கு பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு நீக்கியைத் தடவி, டப்பாவில் போட்டிருக்கும் நேரம் விட்டுத் துடையுங்கள். ஜிஐ தகட்டில் கிரைண்டரைப் போடாதீர்கள், நல்ல துத்தநாகத்தையும் சேர்த்துச் சீவிவிடும். கையாலேயே மெதுவாகத் தேயுங்கள். அலுமினியத்துக்கு இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம். அதன் துகள் பதிந்து, அடுத்த மாதம் புள்ளி புள்ளியாகத் துருக்கும். நைலான் பிரஷ் அல்லது உப்புத்தாள் போதும்.

தேய்த்து முடித்ததும் தின்னர் துணியால் துடைத்து, அன்றைக்கே பிரைமர் அடித்துவிட வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், நம்மூர் ராத்திரிக் காற்றிலேயே மஞ்சள் படிந்துவிடும். அதனால் கூரை முழுவதையும் ஒரே நாளில் தேய்க்காமல், ஒரு நாளைக்குப் பூசி முடிக்கக்கூடிய அளவு மட்டும் தேயுங்கள்.

ஓட்டை விழுந்த இடம்

ஊசித் துளைகளுக்கு எபாக்ஸி போதும். அதைவிடப் பெரிதென்றால் ஒட்டுப் போட வேண்டும். அலுமினியத்துக்கு அலுமினியம், ஜிஐக்கு ஜிஐ. ஓட்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலம் ஏறி உட்காரும்படி வெட்டி, மூலைகளை வட்டமாக்குங்கள். கூரான மூலைதான் முதலில் கிளம்பும். அடியில் பியூ (பாலியூரித்தேன்) சீலண்ட் தாராளமாக வைத்து அமுக்கி, இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகப் பாப் ரிவெட் அடியுங்கள். நடுத்துளை மூடிய ரிவெட் கேட்டு வாங்குங்கள். சாதா ரிவெட்டின் நடுத்துளை வழியாகவே தண்ணீர் இறங்கும்.

வெல்டிங் வைக்கலாமே என்பார்கள். தகட்டில் வேண்டாம். துத்தநாகம் எரிந்து போகும், அந்தப் புகையை இழுத்தால் ராத்திரி காய்ச்சல் வரும், அடியில் தெர்மோகோல் இருக்கிறது. குழாய்ச் சட்டமே அரித்து மெலிந்திருந்தால் மட்டும், தெர்மோகோலை முழுக்க எடுத்துவிட்டு, பாடி பட்டறையில் கொடுத்துப் புதுக் குழாய் வைத்துக்கொள்ளுங்கள். அது வீட்டில் செய்யும் வேலையில்லை.

பிரைமர், பெயிண்ட்

இரும்புக்கு ரெட் ஆக்சைடு சரி. அதையே ஜிஐ மேல் அடிப்பதுதான் ஊரெல்லாம் நடக்கிறது. துத்தநாகத்தோடு அந்த எண்ணெய்ப் பூச்சு ஒத்துப்போகாது, அடியில் சோப்பு மாதிரி ஒரு படலம் உண்டாகி, ஒன்றிரண்டு வருடத்தில் அப்பளமாக உரியும். ஜிஐக்கும் அலுமினியத்துக்கும் எட்ச் பிரைமர் அல்லது எபாக்ஸி பிரைமர் என்று கேளுங்கள்.

பூச நல்ல நேரம் காலை ஒன்பதிலிருந்து பதினொன்று வரை. அதற்கு முன் பனி காய்ந்திருக்காது. கத்திரியில் பதினொன்றுக்கு மேல் தகட்டில் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் பெயிண்டின் மேல்தோல் உடனே இறுகி, உள்ளே இருக்கும் தின்னர் கொப்புளமாகக் கிளம்பும். மேல் பூச்சு வெள்ளையாக இருக்கட்டும். வெயிலைத் திருப்பும் வெள்ளைக் கோட்டிங் அடித்த பிறகு என் வண்டியில் மதியம் உட்கார முடிகிறது. ஆனால் அதை ஒழுகலுக்கு மருந்தாக நினைத்து அடிக்காதீர்கள்.

சீலண்ட்

எம்-சீல் ஏன் தோற்றது என்று ஒரு கணக்குப் போட்டால் புரியும். நாலு மீட்டர் அலுமினியத் தகடு விடிகாலைக்கும் உச்சி வெயிலுக்கும் நடுவில் 40 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய நாலு மி.மீ. நீளும். தினமும் நீண்டு சுருங்குகிற இடத்தில் கல் மாதிரி இறுகும் பொருளை வைத்தால் வெடிக்கத்தான் செய்யும். தண்ணீர்த் தொட்டிக் குழாய்க்கு அது தங்கம், ஓடுகிற வண்டியின் கூரைக்கு ஆகாது. தாரும் அப்படித்தான்: வெயிலில் இளகி, பனியில் வெடிக்கும், போதாததற்குக் கருப்பாக இருந்து சூட்டை இழுக்கும். என் கூரையிலிருந்து அதைச் சுரண்டி எடுக்க மூன்று நாள் ஆனது.

வினிகர் வாசனை அடிக்கும் சாதா சிலிகானும் வேண்டாம். அதிலிருந்து கிளம்பும் அமிலம் உலோகத்தை அரிக்கும், அதன்மேல் பெயிண்டும் ஒட்டாது. பஸ் பாடி கட்டுபவர்கள் போடும் பியூ சீலண்ட்தான் இதற்குச் சரி. கரூர் பக்கம் பாடி கட்டிய எந்தப் பேருந்தின் கூரை இணைப்பையும் பாருங்கள், அந்தச் சாம்பல் நிறக் கோடு இருக்கும். ஏசி, காற்றுப் போக்கி மாதிரி கழற்றி மாட்டும் பொருள்களுக்கு அடியில் பியூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் பட்டை), அதன் ஓரத்தில் பியூ. ஏசி போல்ட்டுகளை ஒரே மூச்சில் ஒன்றை முழுக்க இறுக்காமல், நாலையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

பழைய சீலண்டின் மேல் புதிதை வைப்பது வீண். பட்டி பிளேடால் முழுக்க எடுத்து, தின்னரால் துடைத்து, இரண்டு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, நடுவில் இழுத்து, சோப்புத் தண்ணீர் தொட்ட விரலால் ஒரே ஓட்டமாக வழித்துவிட்டு டேப்பை உடனே உரியுங்கள். பியூ காற்றின் ஈரத்தைக் குடித்துத்தான் இறுகும், ஒரு நாளைக்குச் சுமார் மூன்று மி.மீ. ஆழம். நம்மூர்ப் புழுக்கத்தால் நன்மை அடையும் ஒரே பொருள் இதுவாகத்தான் இருக்கும். ஸ்க்ரூவைத் திரும்பப் போடும்போது எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்க்ரூவாக, சீலண்டில் முக்கிப் போடுங்கள். அந்தப் படலம் இரண்டு உலோகத்தையும் பிரித்து வைக்கும்.

மூடும் முன்

சீலிங்கை உடனே மூடத் துடிக்காதீர்கள். ஒரு வாரம் கழித்து ஹோஸ் சோதனையை முதலிலிருந்து இன்னொரு தடவை செய்யுங்கள். கோடை மழை ஒன்று அடித்தால் இன்னும் நல்லது. எனக்கு இரண்டாம் சோதனையில் இரண்டு வட்டம் மிச்சம் இருந்தது.

புதுப் பலகை வாங்கும்போது ‘வாட்டர் புரூஃப்’ என்று கடைக்காரர் சொல்வதை மட்டும் நம்பாமல், பலகையில் ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர எண் அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது மரைன் பிளை. ஐஎஸ் 303-இலேயே இரண்டு ரகம் உண்டு, அதில் எம்ஆர் (ஈரத்தை ஓரளவு மட்டும் தாங்குவது) என்பது சாதா வீட்டு அலமாரிக்குத்தான். எந்தப் பலகையானாலும் வெட்டிய ஓரம்தான் முதலில் தண்ணீர் குடிக்கும். நாலு ஓரத்துக்கும் எபாக்ஸியோ பெயிண்டோ இரண்டு கை அடித்துவிட்டு மாட்டுங்கள்.

அப்புறம் வருடா வருடம்

ஆடிப்பெருக்கு முடிந்த வாரத்தில் ஒரு தடவை, பொங்கல் முடிந்ததும் ஒரு தடவை சாக்பீஸோடு ஏறிப் பாருங்கள். வேளாங்கண்ணி, பூம்புகார், கோடியக்கரை என்று கடற்கரையில் தங்கிவிட்டு வந்தால், வீடு வந்த அன்றே நல்ல தண்ணீரில் கழுவுங்கள். தென்னைக்கு அடியில் நிறுத்தாதீர்கள். மட்டை விழுந்தால் கீறல், காய் விழுந்தால் குழி. நிறுத்தும்போது முன்பக்கச் சக்கரத்தை ஒரு செங்கல் உயரம் இறக்கியோ ஏற்றியோ, கூரையில் தண்ணீர் ஒரு பக்கம் வழிந்தோடும்படி வையுங்கள். எந்தப் பக்கம் என்று ஒரு குவளைத் தண்ணீரைக் கூரை நடுவில் ஊற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பாதி மிஞ்சிய சீலண்ட் குழாயின் வாயில் ஒரு நீள ஸ்க்ரூவைச் சொருகி, பாலிதீன் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள். இரண்டு மூன்று வாரம் தாங்கும். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் தன் மினி வேனுக்குக் கேட்டு வந்துவிடுவார்.